அருவிக்கு அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்ப: கனடாவில் விசிட்டராக இருப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

நயாகராவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவோ அம்மாவோ தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "அதோ தெரியுதே, அதுதான் அமெரிக்காவா? ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா?" ரெயின்போ பாலம் கண்ணெதிரே நிற்கிறது, நடந்தேகூடத் தாண்டலாம். அமெரிக்க விசா கையில் இருந்தால் போவதில் பெரிய சிக்கல் இல்லை. திரும்பி வருவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கனடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளோடு சில மாதம் தங்க வரும் பெற்றோர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இந்திய பாஸ்போர்ட்டோ இலங்கை பாஸ்போர்ட்டோ, இரண்டுக்கும் கனடா விசா தேவை என்பதால் கீழே வரும் விதிகள் இருவருக்கும் ஒன்றுதான். நடுவில் நியூயார்க், கியூபா என்று ஊர் சுற்றக் கிளம்பினாலும் சரி, பேத்தி காதுகுத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பினாலும் சரி, கிளம்பும் முன்பே சில விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும்.

முதல் படி: பாஸ்போர்ட்டில் உள்ள மூன்று தேதிகளைப் பிரித்துப் பாருங்கள்

குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. "விசா 2031 வரைக்கும் இருக்கு, அதுவரைக்கும் இருக்கலாம்" என்று சொல்லும் பெரியவர்களை ஸ்கார்பரோவில் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்க்கலாம். அது தவறு. விசா ஸ்டிக்கரில் உள்ள கடைசித் தேதி, அந்த நாளுக்குள் கனடா வாசலுக்கு வந்து உள்ளே விடச் சொல்லிக் கேட்கலாம் என்பதை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை அது சொல்வதில்லை.

தங்கும் காலம் தனி. விசிட்டராக நுழைந்தவருக்கு, அதிகாரி வேறு எதுவும் சொல்லாவிட்டால், நுழைந்த நாளிலிருந்து 6 மாதம். ஏப்ரல் 12 அன்று பியர்சன் விமான நிலையத்தில் இறங்கியவர் அக்டோபர் 12-க்குள் கிளம்ப வேண்டும். அதிகாரி முத்திரைக்குக் கீழே கையால் ஒரு தேதி எழுதியிருந்தால் அந்தத் தேதிதான் செல்லும். விசிட்டர் ரெக்கார்டு என்று ஒரு தாள் கொடுத்திருந்தால் அதில் உள்ள தேதி. இப்போது கியாஸ்க் (விமான நிலையத்தில் நாமே விவரம் பதியும் இயந்திரம்) வழியாக வருபவர்கள் பலருக்கு முத்திரையே விழுவதில்லை. முத்திரை இல்லை என்பதால் காலக்கெடு இல்லாமல் போகாது. அப்போதும் அதே 6 மாதம்தான், கணக்கு மட்டும் நம் பொறுப்பு. போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, பாஸ்போர்ட்டின் கடைசித் தேதி. அதைத் தாண்டித் தங்க அனுமதி கிடைக்காது. புது பாஸ்போர்ட் எடுத்திருந்து, காலாவதியாகாத விசா பழையதில் இருந்தால், இரண்டையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்.

பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் நீண்ட நாள் தங்கத் தரும் சூப்பர் விசாவில் வந்தவர்களுக்குக் கணக்கு வேறு. 2022 ஜூலை 4 முதல் ஒவ்வொரு நுழைவுக்கும் 5 ஆண்டு வரை தங்க அனுமதி தரலாம், அதற்கு முன்னால் 2 ஆண்டு. ஆனால் கவுண்டரில் இருப்பவர் கவனிக்காமல் சாதாரண விசிட்டர் என்று நினைத்து அனுப்பிவிட்டால் பின்னால் தலைவலி. "சூப்பர் விசா" என்று வாய்விட்டுச் சொல்லி, தேதியை எழுதித் தரும்படி கேட்டு வாங்குவது நல்லது.

இரண்டாவது படி: விசா எத்தனை முறைக்கு, போகும் இடம் எது

விசா ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்று ஒரு கட்டம் இருக்கும். மல்டிபிள் என்று இருந்தால், விசா காலாவதியாகும் வரை எந்த நாட்டுக்கும் போய்த் திரும்பலாம். ஒரு முறை மட்டும் என்று இருந்தால், ஊரிலிருந்து வந்து இறங்கியபோதே அந்த விசாவின் வேலை முடிந்துவிட்டது. முன்பெல்லாம் பெரும்பாலும் 10 ஆண்டு மல்டிபிள்தான் கொடுத்தார்கள். 2024 நவம்பரில் அந்த வழக்கத்தை மாற்றி, எத்தனை முறை, எவ்வளவு காலம் என்பதை விசா அதிகாரியின் முடிவுக்கே விட்டுவிட்டார்கள். அதனால் "பக்கத்து வீட்டுக்காரருக்கு மல்டிபிள், நமக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று ஊகிக்காமல் எடுத்துப் பாருங்கள்.

இந்தப் பாடம் நான் பணம் கட்டிப் படித்தது. மாமனார் மாமியாருக்குக் கியூபாவில் ஒரு வாரம் என்று பேக்கேஜ் போட்டுவிட்டேன். டொராண்டோவின் பிப்ரவரிக் குளிரில் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் போட்டது. டிக்கெட்டுக்கு பாஸ்போர்ட் எண் அடிக்கும்போதுதான் ஸ்டிக்கரை ஒழுங்காகப் பார்த்தேன். ஒரே முறை. கியூபாவுக்குப் போகலாம், திரும்பி டொராண்டோ விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கட்டிய பணத்தில் பெரும்பகுதி போனது. மாமனார் அதைப் பற்றி இன்று வரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் அதே ஒற்றை விசாவோடு அவர்களால் பஃபலோவுக்கும் நியூயார்க்குக்கும் போய்த் திரும்ப முடிந்தது. கனடாவின் குடிவரவு விதிகளில் இதற்கென்றே ஒரு விலக்கு இருக்கிறது. கனடாவில் சட்டப்படி தங்கியிருக்கும் விசிட்டர், அமெரிக்காவுக்கு மட்டும் போய்விட்டு, தனக்கு அனுமதித்த தங்கும் காலம் முடிவதற்குள் திரும்பினால், புது விசா தேவையில்லை. விசா தீர்ந்துபோயிருந்தாலும், அதன் தேதி முடிந்திருந்தாலும் இது பொருந்தும். செயின்ட் பியர், மிக்கலோன் என்று நியூஃபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில் பிரான்சுக்குச் சொந்தமான இரண்டு குட்டித் தீவுகள் உண்டு. விலக்கு அதற்கும் சேர்த்துத்தான். நம்மவர் யாரும் அங்கே போய் நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த விலக்கில் "மட்டும்" என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. நியூயார்க்கில் மகன், மயாமியில் மகள், அங்கிருந்து மெக்சிகோவில் நான்கு நாள், மறுபடி நியூயார்க் வழியாக டொராண்டோ என்று திட்டம் போட்டால் விலக்கு போய்விட்டது. கடைசியாக வந்தது அமெரிக்காவிலிருந்துதானே என்று வாதாடிப் பயனில்லை. நடுவில் மூன்றாவது நாட்டில் கால் வைத்தாயிற்று.

இதே போல, தங்கும் காலம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அமெரிக்கா போய், பனிப்புயலில் விமானம் ரத்தாகி நான்காம் நாள் வந்தாலும் விலக்கு இல்லை. பத்துப் பதினைந்து நாளாவது கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது படி: போகும் நாட்டின் விசா

கனடா விசாவைக் காட்டி அமெரிக்காவுக்குள் போக முடியாது. அமெரிக்காவின் பி1/பி2 (விசிட்டர்) விசாவை ஊரிலேயே எடுத்துக்கொண்டு வருவதுதான் புத்திசாலித்தனம். 2025 செப்டம்பரிலிருந்து, தங்கள் சொந்த நாட்டிலோ குடியிருக்கும் நாட்டிலோ உள்ள தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்கா சொல்லியிருக்கிறது. டொராண்டோவுக்கு வந்த பிறகு இங்கே நேர்காணல் போட்டுக்கொள்ளலாம் என்று நம்பி வராதீர்கள்.

டொராண்டோவிலிருந்து விமானத்தில் அமெரிக்கா போனால், அமெரிக்க இமிகிரேஷன் பியர்சனிலேயே முடிந்துவிடும். அவர்களின் அதிகாரிகள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே திருப்பி அனுப்பினால் வீட்டுக்கு வந்துவிடலாம். பாலத்தில் திருப்பி அனுப்பினால் அப்படியே கனடா கவுண்டருக்கு வந்து, எதற்காக வந்தீர்கள் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

காரில் போகிறீர்கள் என்றால் ஒரு சின்ன விஷயம். மாமியார் சம்படத்தில் பச்சைக் கறிவேப்பிலை வைத்திருப்பார். எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்பதால் அமெரிக்காவில் விடமாட்டார்கள். இருக்கிறது என்று சொல்லிவிட்டால் எடுத்துக் குப்பையில் போடுவார்கள், அவ்வளவுதான். மறைத்தால் அபராதம்.

பேரப்பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு தாத்தா பாட்டி எல்லை தாண்டுவதாக இருந்தால், பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். முடிந்தால் நோட்டரி முன்னால்.

நான்காவது படி: நீட்டிப்பு கேட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்களா? அப்படியானால் வெளியே போகாதீர்கள்

6 மாதம் போதவில்லை என்றால் கனடாவுக்குள் இருந்தபடியே ஆன்லைனில் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 100 கனடா டாலர். காலம் முடிய 30 நாளாவது இருக்கும்போதே போடச் சொல்கிறது குடிவரவுத் துறை. முடிவு வருவதற்குள் பழைய தேதி கடந்துவிட்டாலும், சரியான நேரத்தில் விண்ணப்பித்தவர் முடிவு வரும் வரை சட்டப்படி தங்கலாம்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு கனடாவுக்குள் இருக்கும் வரைதான். பழைய தேதி முடிந்து, முடிவும் வராத அந்த இடைவெளியில் எல்லையைத் தாண்டினால் அது அறுந்துபோகும். திரும்பி வரும்போது நீங்கள் புதிதாக வருபவர். மல்டிபிள் விசா இருந்தால் அதை வைத்துக் கேட்கலாம், அதிகாரி விடலாம், விடாமலும் போகலாம். ஒற்றை விசாக்காரர் கதவு மூடிய மாதிரிதான்.

நீட்டிப்பு கிடைத்துவிட்டால் விசிட்டர் ரெக்கார்டு வரும். அதைப் பார்த்துப் பலர் "விசா ரினிவல் ஆகிடுச்சு" என்று சந்தோஷப்படுகிறார்கள். அது விசா இல்லை. உள்ளே தங்குவதற்கான தாள் மட்டுமே, அதைக் காட்டி சென்னையிலிருந்து விமானம் ஏற முடியாது. மேலே சொன்ன அமெரிக்க விலக்குக்கு மட்டும், ரெக்கார்டில் உள்ள புதிய தேதி வரை அது கைகொடுக்கும்.

இன்னொரு பழைய நம்பிக்கையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாலத்தைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு வந்தால் புதிதாக 6 மாதம் விழும் என்பது. விழலாம், விழாமலும் போகலாம். பழைய தேதியையே மறுபடி எழுதி அனுப்பவும், "ஏற்கெனவே அஞ்சரை மாதம் இருந்துட்டீங்களே, இன்னும் எதுக்கு?" என்று உட்காரவைத்துக் கேட்கவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. வேலை, படிப்பு அனுமதிகளை இப்படிச் சுற்றி வந்து எல்லையில் வாங்குவதை 2024 டிசம்பர் 23-ஆம் தேதியோடு நிறுத்தியே விட்டார்கள். விசிட்டருக்கு 100 டாலர் கட்டி ஒழுங்காக விண்ணப்பிப்பதுதான் நிம்மதி.

ஐந்தாவது படி: கைப்பையில் ஒரு ஃபைல்

பெட்டியில் அல்ல, கைப்பையில். பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட், விசிட்டர் ரெக்கார்டு இருந்தால் அது, முதலில் கனடா வந்தபோது விழுந்த முத்திரைப் பக்கத்தின் நகல், அந்த விமானத்தின் போர்டிங் பாஸ். பிள்ளையின் அழைப்புக் கடிதம், அவர் கனடாவில் இருப்பதற்கான பி.ஆர். கார்டு (நிரந்தரமாக வசிப்பதற்கான அட்டை) அல்லது பாஸ்போர்ட் நகல், வீட்டு முகவரி, தொலைபேசி எண். எல்லாவற்றையும்விட எடை அதிகமானது ஊருக்குத் திரும்பும் டிக்கெட். "திரும்பிப் போய்விடுவேன்" என்பதை நிரூபிக்க வேண்டியவர் வருபவர்தான் என்று சட்டமே சொல்கிறது. ஊரில் வீடு, பென்ஷன் ஆவணம் போன்றவற்றின் நகல் இருந்தாலும் நல்லதே.

சூப்பர் விசாக்காரர்கள் இன்ஷூரன்ஸ் தாளை மறக்கக் கூடாது. குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கான மருத்துவக் காப்பீடு ஒவ்வொரு நுழைவின்போதும் செல்லுபடியாக வேண்டும். முதல் தடவை வாங்கியது ஒரு வருடத்தில் முடிந்திருக்கும். ஊருக்குப் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பும்போது பழைய தாளையே நீட்டுபவர்கள் உண்டு. சில பாலிசிகள் சொந்த நாட்டுக்குத் திரும்பிய உடனே நின்றுவிடும். அமெரிக்காவில் இருக்கும் நாட்களுக்குப் பாதுகாப்பு உண்டா என்பதையும் பாலிசியில் தேடிப் படியுங்கள். அங்கே ஓர் இரவு ஆஸ்பத்திரியில் படுத்தால் என்ன பில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

விலக்கை நம்பி விமானத்தில் திரும்புகிறவர்களுக்கு இந்த ஃபைல் இன்னும் முக்கியம். கவுண்டரில் இருக்கும் விமான ஊழியர் தீர்ந்துபோன ஒற்றை விசாவைப் பார்த்து, ஏற்ற முடியாது என்று சொல்ல வாய்ப்புண்டு. முதல் நுழைவின் முத்திரையையும் தங்கும் தேதியையும் காட்டி விளக்க வேண்டியிருக்கும். அதனால்தான் மாமனார் மாமியாரை நான் காரிலேயே கூட்டிப்போனேன்.

ஆறாவது படி: திரும்பும் கவுண்டர்

பீஸ் பாலம், ரெயின்போ பாலம், க்வீன்ஸ்டன்–லூயிஸ்டன் பாலம் என்று நயாகரா ஆற்றின் மேல் எந்தப் பாலத்தில் வந்தாலும் நடப்பது ஒன்றுதான். கார் கண்ணாடியை எல்லாப் பக்கமும் இறக்குங்கள், எல்லார் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் கொடுங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். கேள்விகள் சின்னவைதான். எவ்வளவு நாள் வெளியே இருந்தீர்கள், எங்கே தங்கினீர்கள், கனடாவுக்கு முதலில் எப்போது வந்தீர்கள், ஊருக்கு எப்போது போகிறீர்கள்.

பிள்ளைகளாகிய நாம் செய்யும் தப்பு, பின் சீட்டில் இருப்பவரிடம் கேட்ட கேள்விக்கு முன் சீட்டிலிருந்து பதில் சொல்வது. அதிகாரி அவர் வாயிலிருந்துதான் கேட்க விரும்புகிறார். ஆங்கிலம் வராவிட்டால் வராது என்று சொல்லலாம், மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கிளம்புவதற்கு முதல்நாள் வீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை பேசிப் பார்த்துவிடுங்கள். மனப்பாடம் வேண்டாம், தேதிகள் மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

நம் வீடுகளில் அதிகம் பயப்படும் கேள்வி, "கனடாவில் என்ன செய்கிறீர்கள்?" என்பது. "பேரனைப் பார்த்துக்கிறோம்" என்று உண்மையைச் சொன்னால் வேலை என்று எடுத்துக்கொள்வார்களோ என்று சிலர் பொய் சொல்லச் சொல்லித்தருகிறார்கள். வேண்டவே வேண்டாம். சம்பளம் வாங்காமல் மகளுக்குக் குழந்தை வளர்ப்பில் அம்மா உதவுவது வேலை அல்ல. குடிவரவுத் துறையின் சொந்த வழிகாட்டுதலே அதை உதாரணமாகக் காட்டுகிறது. அடுத்த வீட்டுக் குழந்தையைக் காசு வாங்கிக்கொண்டு பார்ப்பது வேறு. பொய் சொல்லி மாட்டினால் 5 ஆண்டுத் தடை. அந்தக் கேள்வியோடு ஒப்பிட்டால் இந்தத் தடை எவ்வளவு பெரியது!

எத்தனை நாள் வெளியே இருந்தோம் என்பதிலும் கதை விட முடியாது. 2019 முதல் தரை எல்லையிலும், 2020 முதல் விமானத்திலும் வெளியேறுபவர்களின் விவரம் கனடா அரசுக்குப் போய்விடுகிறது.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தால் கலங்க வேண்டாம். பல நேரம் அது தேதியைச் சரிபார்க்கத்தான். குறைந்த காலத்துக்கு விசிட்டர் ரெக்கார்டு கொடுத்து அனுப்பலாம். திருப்தி இல்லை என்றால், உள்ளே வரும் கோரிக்கையை நீங்களே திரும்பப் பெற்றுக்கொண்டு போக விடலாம். அப்படி ஒரு வாய்ப்பு கொடுத்தால், நாடு கடத்தும் ஆணை எதுவும் பதிவாகாமல் வெளியேறலாம் என்பதால் அதை மதித்து யோசியுங்கள். முன்பு காலம் கடந்து தங்கியது போன்ற மீறல் இருந்தால் ஓராண்டு வரமுடியாதபடி ஆணை போடவும் முடியும்.

ஏழாவது படி: வீட்டுக்கு வந்ததும்

செருப்பைக் கழற்றும் முன்பே பாஸ்போர்ட்டைத் திறந்து புது முத்திரையைப் பாருங்கள். கீழே தேதி எழுதியிருக்கிறதா? பழைய தேதியா, புதியதா? சந்தேகம் இருந்தால் பழைய தேதியையே கெடுவாக எடுத்துக்கொண்டு, அதற்கு 30 நாள் முன்னால் அலாரம் வையுங்கள். தவறிப்போய்க் காலம் கடந்துவிட்டால், அனுமதியை மீட்டுக்கொள்ள 90 நாள் அவகாசம் உண்டு. அதற்குத் தனியாகக் கட்டணம், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

பென்ஷன் வேலையாகவோ துக்கக் காரியத்துக்காகவோ ஊருக்குப் போய் மல்டிபிள் விசாவில் திரும்புகிறவர்களுக்குப் புதிதாக 6 மாதக் கணக்கு தொடங்குவதுதான் வழக்கம். இத்தனை நாள் வெளியே இருந்தால்தான் திரும்பலாம் என்று கனடாவில் விதி கிடையாது. ஆனால் ஐந்தரை மாதம் இங்கே, பதினைந்து நாள் ஊரில் என்று மூன்று தடவை வந்தால் அதிகாரி புருவத்தைத் தூக்குவார். இவர் விசிட்டரா, குடியிருப்பவரா என்று நமக்கே சந்தேகம் வருமே. அப்படி வர வேண்டியிருந்தால் சூப்பர் விசாதான் அதற்கான வழி.

கடைசியாக, எதிர்த்திசையில் வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நியூஜெர்சியில் பிள்ளை வீட்டுக்கு வந்த பெற்றோர் நயாகராவின் கனடாப் பக்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டால், அமெரிக்க விசா இருந்தாலும் இந்தியர்களுக்குக் கனடா விசா தனியாக வேண்டும். திரும்பும்போது அமெரிக்காவும் ஒரு சலுகை தருகிறது. கனடாவிலோ மெக்சிகோவிலோ 30 நாளுக்கு மேல் தங்காமல், ஐ-94 (அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) தேதி முடியாமல் இருந்தால், விசா காலாவதியானவரும் திரும்பி நுழையலாம். ஆனால் அந்தப் பயணத்தின்போது கனடாவில் புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தால் சலுகை போச்சு. ஐ-94 தாளை அமெரிக்க எல்லைத் துறையின் தளத்திலிருந்து எடுத்து, கிளம்பும் முன்பே அச்சிட்டுக்கொள்ளுங்கள். அதைப் பார்ப்பதற்குப் பணம் கேட்கும் தளம் அரசாங்கத்துடையது அல்ல.